நாலு வார்த்தைப் பலகை

பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் கத்தரி. நாற்பது வரிச் செய்தியை அவள் மேஜையில் வைத்தால் நாலு வரியாக எழுந்து வரும். சாரம் மட்டும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தியிருக்காது. அவளும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

வருடக் கடைசியில் அந்தப் பத்திரிகை, ஆண்டின் பத்துப் புதுக் கண்டுபிடிப்புகள் என்று ஒரு பட்டியல் போடும். அதற்கு ஒரு கறாரான விதி. கம்பெனிக்காரர்கள் அளப்பதை யாரும் நம்பக் கூடாது. அலுவலகத்தில் ஒருவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், ஏழு நாள் புழங்கியவர் கைப்பட ஒரு குறிப்பு எழுதித் தர வேண்டும். அந்த வருடம் மூன்றாக மடியும் கைபேசி ஆசிரியருக்குப் போனது. படியேறித் துடைக்கும் இயந்திரம் ஓவியர் வீட்டு மாடிப்படியில் பாதியில் நின்று அடம்பிடித்தது. பட்டியலில் ஏழாவது, ஒரு மூக்குக்கண்ணாடி. எதிரே இருப்பவர் பேசப் பேச அது எழுத்தாக மாறி அதன் வில்லையில் ஓடும். அதைக் கத்தரி யாரையும் கேட்காமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அவள் அக்காவுக்குக் காது கேட்காது.

அக்கா பிறவியில் அப்படியில்லை. ஐந்து வருடத்துக்கு முன் வந்த காய்ச்சல், போகும்போது இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. அதற்கு முன் அவள் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். மெழுகில் பல் வரிசை அடுக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. காது போனபின் வீட்டோடு இருந்துவிட்டாள். பேச்சு மட்டும் பழையபடி வரும். அவளுக்குச் சொல்ல வேண்டியதை ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டிய கரும்பலகையில் தங்கை எழுதிக் காட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரி அரை மணி நேரம் புலம்பிவிட்டுப் போனால் பலகையில் 'மருமகளோடு சண்டை' என்று இருக்கும். எதுவானாலும் நாலு வார்த்தைக்கு மேல் போகாது. அக்கா தலையாட்டிக்கொள்வாள்.

கண்ணாடி வந்த அன்றே அக்கா பக்கத்து வீட்டுக்காரியை வலியக் கூப்பிட்டு உட்கார வைத்து, மருமகள் கதையை ஆதியோடந்தமாகப் படித்தாள்.

"அடிப்பாவி, இவ்வளவு ருசியான கதையையா ரெண்டு வார்த்தையில முடிச்ச?" என்று தங்கையிடம் கேட்டாள். தங்கையும் சிரித்தாள்.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஜன்னல் வழியே பார்த்த கத்தரிக்குத் திக்கென்றது. பல் கூடத்து முதலாளி கையில் சுருட்டிய காலண்டரோடு கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். வருடா வருடம் இதே சமயத்தில் வருகிறவர்தான். கண்ணாடி மும்முரத்தில் அவள் மறந்தே போனாள்.

அவர் வருவது காலண்டர் கொடுக்க மட்டுமல்ல. அக்காவைத் திரும்ப வேலைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கவும்தான். முதல் வருடம் அவர் கேட்டபோது அக்கா சுவரைப் பார்த்துப் படுத்த படுக்கையாக இருந்தாள். கூடத்தின் பெயரைச் சொன்னால் அழுவாளே என்று பயந்து, 'நலம் விசாரித்தார்' என்று எழுதினாள் தங்கை. அன்றைக்கு அது பரிவுதான். அடுத்த வருடம் உண்மையைச் சொன்னால் போன வருடத்துப் பொய் வெளியே வருமே. அதனால் மறுபடியும் 'நலம் விசாரித்தார்'. இதற்குள் அக்கா கையால் வேளைக்குக் கிடைத்த சூடான சாப்பாடும் தேய்த்து வைத்த துணியும் தங்கைக்குப் பழகிப்போயிருந்தன. இதை மட்டும் விட்டுவிட்டுக் கதை சொன்னால் அதுவும் கத்தரி வேலையாகிவிடும்.

"அக்கா, அந்தக் கண்ணாடியக் கழட்டிக் குடு. சார்ஜ் போடணும்."

"காலைலதானே போட்டேன்" என்றாள் அக்கா. அழைப்பு மணி அடித்தது.

முதலாளி உட்கார்ந்தார். எல்லோரையும் போல அக்காவைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுத் தங்கையிடம் பேசினார்.

"போன வருஷம் கேட்டதுதாம்மா. இந்த வருஷமாவது உங்க அக்காவ அனுப்புங்க. அவங்க மேஜைய இன்னும் யாருக்கும் குடுக்கல."

வில்லையில் எழுத்து ஓடி முடியும்வரை அக்கா அசையவில்லை. பிறகு அவளே கேட்டாள்.

"எத்தனை வருஷமா கேக்கறீங்க?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "அஞ்சு வருஷமா வந்து கேட்டுட்டுத்தாம்மா போறேன். தங்கச்சி சொல்லலையா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா பலகையைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள்.

"சொன்னா. கொஞ்சம் சுருக்கிச் சொல்லிட்டா. அவ தொழில் அப்படி" என்றாள். "நாளைக்கு மறுநாள் வரேன் சார்."

அவர் காலண்டரை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். தங்கைக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் அவள் வாயில் வந்ததும் இன்னொரு தடைதான். "நாளைக்குக் கண்ணாடியத் திருப்பிக் குடுக்கணுமேக்கா. அது இல்லாம எப்படிப் போவ?"

"பல்லு அடுக்கக் காது எதுக்கு? கண்ணும் கையும் போதும். அது உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அக்கா பட்டியலுக்கான குறிப்பை எழுத உட்கார்ந்தாள். 'கண்ணாடி நன்றாக வேலை செய்கிறது. பேசுகிறவர்கள் என்னைப் பார்த்துப் பேசினால் இன்னும் நன்றாக வேலை செய்யும்.' மறுநாள் அலுவலகத்தில், இரண்டாவது வாக்கியம் அதிகப்படி, வெட்டிவிடு என்றார் ஆசிரியர். கத்தரி முதல்முறையாக முடியாது என்றாள்.

அக்கா வேலைக்குப் போன அன்று மாலை அடுப்பு எரியவில்லை. பல் அச்செடுக்கும் மாவு நகக்கண்ணில் ஒட்டியிருக்க, அவள் வந்து நாற்காலியில் சாய்ந்தாள்.

"ஆபீஸ்ல என்ன?"

தங்கை பழக்கதோஷத்தில் 'பட்டியல் அச்சுக்குப் போனது' என்று எழுதினாள். சற்று நின்று, அதை அழித்தாள். காலையில் பஸ்ஸில் நடந்ததிலிருந்து ஆரம்பித்தாள். பலகை நிரம்பியது, அழித்தாள், மறுபடி நிரம்பியது. மூன்றாவது தடவை இப்படி எழுதினாள். 'உனக்காகப் பயந்துதான் முதலில் மறைத்தேன். அப்புறம் எனக்காக மறைத்தேன். நீ வீட்டில் இருப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. தப்புதான் அக்கா.' அதற்கு மேல் பலகையில் இடமில்லை.

அக்கா ஒரு வார்த்தை விடாமல் நிதானமாகப் படித்தாள். எழுந்துபோய்த் துணியை எடுத்துப் பலகையை மேலிருந்து கீழ்வரை துடைத்தாள். சாக்பீஸைத் தங்கை கையில் திரும்ப வைத்தாள்.

"ம், அப்புறம்?"