பட்டாசின் சிவப்பு

துடைக்கத் துடைக்க அந்தச் சிவப்பு போகவே இல்லை. தங்கை பஞ்சை நனைத்து, இறந்து கிடந்த அக்காவின் உதட்டில் மறுபடியும் தேய்த்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணாடி கேட்டு அக்காவே போட்டுக்கொண்ட லிப்ஸ்டிக்.

“நல்லா துடைங்க சித்தி,” என்றான் அக்காவின் மகன். வங்கி மேலாளர். வாசலில் கேமராக்களைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு வேர்த்துக்கொண்டே இருந்தது. “கடைசியாவாவது ஒரு அம்மா மாதிரி போகட்டும்.”

ஊருக்கு அவள் பட்டாசு. டிவியில் பெரிய மனிதர்களை எதிரே உட்காரவைத்துக் கேட்கக்கூடாததைக் கேட்பாள். கல்யாணம் மூன்று, வழக்குகளுக்குக் கணக்கில்லை. அவளைத் திட்டாத வீடு கிடையாது, பார்க்காத வீடும் கிடையாது. காதில் மாட்டிய சின்னக் கருவியில் தயாரிப்பாளர், ‘அந்தக் கேள்வி வேண்டாம், விளம்பரத்துக்குப் போ’ என்று கத்துவார். உடனே அதைக் கழற்றி மேஜைமேல் வைப்பாள். அரங்கமே கைதட்டும். ஆகா, இன்றைக்கு ஒருத்தன் மாட்டினான்! அமைச்சரின் மகன் காரேற்றி ஆளைக் கொன்ற கதை அப்படித்தான் வெளியே வந்தது. அன்று இரவே அவள் வீட்டு ஜன்னல்களைக் கல்லெறிந்து உடைத்தார்கள். மறுநாளும் அதே சிவப்போடு வந்து உட்கார்ந்தாள், மகராசி.

தங்கைக்கு வீட்டில் வைத்த பெயர் வாயில்லாப் பூச்சி. அக்கா டிவியில் பேசும்போதெல்லாம் தானே பேசியதுபோல் பூரித்துப்போவாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

“ஒரு சேனலுக்கு மட்டும் பேசிடுங்க சித்தி. நான் போனா நோண்டுவாங்க. அம்மா கடைசில வருத்தப்பட்டு எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டாங்கன்னு நானே போன்ல சொல்லிட்டேன். நீங்க ஆமான்னா போதும்.”

“கேட்டாளா?”

“கேட்டிருக்கணும்.”

அம்மாவால் பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. தங்கைக்குப் பாவமாக இருந்தது. தலையாட்டிவிட்டு வெளியே போனாள்.

கேட்டுக்கு வெளியே ஒரே தலைகள். “குடும்பத்தைக் கெடுத்தவ!” என்று ஒருத்தி கத்தினாள். கத்திவிட்டு, எக்கிப் பார்த்து அழவும் செய்தாள். நிருபர் பெண் தங்கையின் காதில் கருவியை மாட்டிவிட்டாள்.

“அம்மா, நேரலைல இருக்கீங்க,” என்றது ஸ்டூடியோவிலிருந்து ஒரு குரல். “கடைசியா அவங்க என்ன கேட்டாங்க?”

“கண்ணாடி கேட்டா.”

“சரிம்மா... மன்னிப்புக் கேட்டாங்கல்ல?”

தங்கை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“ஆமான்னு சொல்லுங்கம்மா,” குரல் அவசரப்படுத்தியது. “ஆமான்னு மட்டும் சொல்லுங்க.”

தங்கையின் கை காதுக்குப் போனது. கருவியைக் கழற்றி மதில்மேல் வைத்தாள்.

கூட்டம் சட்டென்று அடங்கியது. கருவியைக் கழற்றி வைத்தால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

“அவ யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்கல,” என்றாள். “எதுக்குக் கேட்கணும்?”

“சித்தி...” என்றான் மகன் பின்னாலிருந்து.

“கொஞ்சம் இருங்க,” என்று கூட்டத்திடம் சொன்னாள். “அக்கா இன்னும் ரெடியாகல.”

உள்ளே வந்து, அக்காவின் கைப்பையிலிருந்து லிப்ஸ்டிக்கை எடுத்துத் திறந்தாள். அழுத்தி அழுத்திப் போட்டதில் முனை ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. வெளியே யாரோ ஒருவர் கைதட்டத் தொடங்கினார். தங்கை உதட்டில் வைத்து அழுத்தியதும் அக்காவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

மகன் பக்கத்தில் வந்து மண்டியிட்டு, அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டான்.