பத்தாம் தெருவில் தொங்கிய மஞ்சள் ஓவியம்

மாடிப்படியை அளக்காமல் பத்தடிக்குப் படம் தீட்டுகிறவள் உலகத்திலேயே என் அக்கா அசுந்தா ஒருத்தியாகத்தான் இருப்பாள். அதுவும் மாடிகளிலிருந்து கயிறு கட்டிப் பியானோ இறக்குகிறவர் பெற்ற பெண்! வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

1953 மார்ச். அன்று மாலை ஐந்து மணிக்கு அவளுடைய முதல் கண்காட்சி. படம் நாலாவது மாடியிலிருந்து படி வழியாக இறங்காது என்பது காலையில்தான் தெரிந்தது. காட்சிக்கூடத்துக்காரர், இரண்டாக அறுத்துக் கொண்டுவா என்று கூசாமல் சொல்லிவிட்டாராம். அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். ஜன்னல் வழியாக இறக்க எங்கள் அப்பா ரோக்கோவை விட்டால் மன்ஹாட்டனில் ஆள் கிடையாது. ஆனால் கல்யாணம் வேண்டாம், படம்தான் போடுவேன் என்று அவள் வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷம். அன்றிலிருந்து பேச்சில்லை. அவள் படம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. பிடிவாதத்தில் இரண்டும் ஒரே அச்சு.

நான் கெஞ்சினேன். அப்பா கயிறுகளை லாரியில் ஏற்றினார்.

ஜன்னல் சட்டத்தைக் கழற்றி, மொட்டைமாடியில் கப்பி மாட்டி, பியானோவுக்குக் கட்டுவதுபோலவே கட்டிவிட்டுத் தெருவுக்கு இறங்கி வந்தார். அவர் கணக்கெல்லாம் எடைக்குத்தான். காற்றை யார் நினைத்தது? வெளியே வந்ததும் படம் கப்பல் பாய்போல உப்பி, கீழே கயிறு பிடித்திருந்த என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பியது. எதிர்க்கடை இறைச்சிக்காரர் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டார். தெருவே சிரித்தது.

ஒருவழியாகக் காற்று தணிந்தது. இரண்டாவது மாடி உயரத்தில் படம் நேராக நின்றது. நானே அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். மஞ்சள் பரப்பில் சாய்ந்த பெரிய கறுப்பு. அதிலிருந்து மேலே போகும் நாலு கோடுகள். சின்ன வயதில் அப்பாவின் லாரியில் உட்கார்ந்து அவள் அண்ணாந்து பார்த்த, கயிற்றில் தொங்கும் பியானோதான் அங்கே இருந்தது.

“நிறுத்துடா” என்றார் அப்பா, எதிர் நடைபாதையிலிருந்து.

நிறுத்தினோம். ஒரு நிமிஷம் போயிற்று. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. அக்கா மேலே ஜன்னலில் தலையை நீட்டினாள். முகத்தில் ஈயாடவில்லை.

“என்னப்பா, கிழிஞ்சிடுச்சா?”

அப்பா தொப்பியைக் கழற்றினார்.

“ஒண்ணும் ஆகலம்மா. பாத்துக்கிட்டிருக்கேன்.”

என் கை எரிந்தது. இன்னும் எவ்வளவு நேரம் என்று இறைச்சிக்காரர் முனகினார்.

“அவரு போதும்னு சொல்ற வரைக்கும்யா” என்றேன்.