இறுகிய கட்டு

குழந்தை தமிழ்மொழி அழுகையை நிறுத்தியதும் வீட்டிலிருந்தவர்கள் நிம்மதியடைந்தார்கள். அவளைப் பெற்ற ராதிகாவுக்கு மட்டும் அப்போதுதான் பயம் வந்தது.

குழந்தைக்கு இரண்டு வயது. காலையில் களத்தில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. ராதிகா அதைக் கிளறிவிடத் திரும்பிய நேரத்தில், நிறுத்தி வைத்திருந்த டிராக்டரின் படியில் ஏறிய குழந்தை, இடக்கை அடியில் சிக்கும்படி சிமெண்டுத் தரையில் விழுந்தது. முழங்கை உடனே வீங்கியது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் ராதிகா. அவள் கணவன் இளஞ்செழியன் அதைக் கேட்கவில்லை. சென்ற ஆண்டு அவனுடைய கால் முறிந்தபோது, கல்வராயன் மலையில் நாட்டு வைத்தியர் முனியன் போட்ட கட்டால்தான் எலும்பு கூடியது. ஆகவே பைக்கை மலைக்கே விட்டான்.

முனியன் கையை நீவிவிட்டார். முட்டை வெண்கருவில் உளுந்து மாவைக் குழைத்துத் துணியில் தடவிச் சுற்றினார். அதன்மேல் மூங்கில் பட்டைகளை வைத்து இறுக்கினார்.

"அடுத்த வாரம் நான் அவுக்கிற வரைக்கும் யாரும் கைய வெக்காதீங்க. தண்ணி படவே கூடாது" என்று சொல்லி அனுப்பினார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் குழந்தை கதறியது. ஈரமாகச் சுற்றிய துணி வெயிலிலும் காற்றிலும் உலர்ந்து பலகைபோல் ஆயிற்று. உள்ளேயிருந்த வீக்கமோ வளர்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தபிறகும் நெடுநேரம் கதறிய குழந்தை திடீரென்று ஓய்ந்தது.

"வலி வுட்டுப் போச்சு. அந்தாளு கைராசி அப்படி" என்றாள் விஜயலட்சுமி. அவள் இளஞ்செழியனின் அக்காள். செய்தி கேட்டுப் பக்கத்துத் தெருவிலிருந்து வந்திருந்தாள். "நீ இன்னா, இன்னும் மொகத்த தூக்கி வெச்சிக்கினு இருக்கற? போயி ஒரு வாய் துன்னு."

ராதிகா கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைத் தொட்டாள். சில்லென்றிருந்தன. வலக்கை விரல்கள் வெதுவெதுப்பாக இருந்தன. வலக்கை நகமொன்றை அழுத்தி விட்டாள். வெளுத்த நகம் உடனே சிவந்தது. இடக்கை நகத்தை அழுத்தி விட்டாள். அது வெளுத்தபடியே இருந்தது. விரல்களில் நீலம் பாய்ந்திருந்தது.

"இன்னாங்க, இங்க வாங்க. இந்த வெரல பாருங்க."

"வீங்கனா அப்படித்தான் இருக்கும்."

"சில்லுனு இருக்குதுங்க."

"எனக்குங்கூடத்தான் அப்படி இருந்துது."

"நீங்க வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொன்னீங்க. எதிர்த்தெரு வரைக்கும் கேட்டுது. இது சொல்லுமா?"

இளஞ்செழியன் முனியனுக்குப் போன் செய்தான். மலையில் சிக்னல் இல்லை. மீண்டும் மீண்டும் முயன்றுவிட்டுப் போனைக் கீழே வைத்தான்.

"அவுத்துட்டா எலும்பு கோணிக்கினு கூடும், ராதிகா. பொட்டப்புள்ள. நாளைக்கு கை கோணலா நின்னா யாரு பதில் சொல்றது?"

கட்டை அவிழ்த்தால் கை கோணலாகலாம். அவிழ்க்காவிட்டால், ரத்தம் ஓடாமல் கையே இல்லாமற் போகலாம். எது நடக்கும் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. அவள் மறுபடியும் நகத்தை அழுத்தினாள். நிறம் மாறவில்லை.

"கோணலாவே இருக்கட்டும். கைன்னு ஒண்ணு இருக்கணும்" என்று சொல்லிக் கத்தரிக்கோலை எடுத்துவந்தாள்.

கத்தரிக்கோலின் முனை உள்ளே நுழையவில்லை. மாவும் வெண்கருவும் துணியோடு சேர்ந்து ஓடுபோல் இறுகியிருந்தன. கத்தியை நுழைக்க அவளுக்குத் துணிவில்லை. தடுக்க வந்த விஜயலட்சுமி, குழந்தையின் விரலைத் தற்செயலாகத் தொட்டதும் பேச்சை நிறுத்தினாள். சமையலறைக்கு ஓடிச் சொம்பு நிறைய வெந்நீர் கொண்டுவந்தாள்.

"இத ஊத்து, ஊறிக்கும்."

"வேணாம் அண்ணி! வெந்நி பட்டா முட்ட வெந்து இன்னும் கெட்டியாயிடும். பச்சத்தண்ணி கொண்டாங்க."

தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றினார்கள். தலையில் கை வைத்து நின்ற இளஞ்செழியன், பிறகு தானே வந்து உட்கார்ந்து, முழங்கை அசையாதபடி பிடித்துக்கொண்டான். துணி இளகியது. ராதிகா பட்டைகளை உருவினாள். சுற்றுகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். கடைசிச் சுற்று விலகியபோது, மூங்கிலின் தடம் தோலில் பள்ளமாகப் பதிந்திருந்தது.

விரல்கள் நீலமாகவே இருந்தன. மூவரும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குழந்தை உடம்பை முறுக்கி வீறிட்டது.

"ஐயோ, வலிக்குது போல இருக்குதே!" என்று பதறினான் இளஞ்செழியன்.

"அழுவட்டும். நீங்க வண்டிய எடுங்க."

மடித்த துண்டின்மேல் கையைத் தாங்கியபடி ராதிகா பின்னால் உட்கார்ந்தாள். கச்சிராயபாளையம் தாண்டிக் கள்ளக்குறிச்சிச் சாலையில் போகும்போது குழந்தையின் அழுகை தணிந்தது. இளஞ்செழியன் உடனே வேகத்தைக் குறைத்துத் தலையைத் திருப்பினான்.

"செவக்குதா?"

அவள் நகத்தை அழுத்தி விட்டாள். சிவந்தது, ஆனால் மெதுவாகத்தான் சிவந்தது.

"நிக்காதீங்க" என்றாள். "போங்க."