பந்தயத்துக்கு முந்தின தக்காளி

கறுப்பு கவுனை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, புருஷன் கிளாரியின் ரப்பர் பூட்ஸில் காலை விட்டுக்கொண்டு, மேவிஸ் தக்காளிச் செடிகளைப் பிடுங்கி வேலியோரம் எறிந்துகொண்டிருந்தாள். பதினாறில் ஏழு போயாயிற்று. அத்தனையும் உறைபனியில் கருகித் தொங்கின. மூன்று நாளாகக் கொல்லைப்பக்கமே எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, இன்று காலைதான் கவனித்தாள்.

"அம்மா! கார் வந்து நிக்குது!" கொல்லை வாசலில் மகள் ஜெனின். "அப்பாவ அடக்கம் பண்ணப் போற நேரத்துல என்னம்மா கூத்து இது?"

"டீக்கு ஊரே இங்கதானே வரப்போகுது? ஆம்பளைங்க வந்ததும் வராததுமா தக்காளிப் பாத்தியத்தான் பாப்பானுங்க."

"பாத்தா என்ன?"

என்னவா? இவளைப் பட்டணத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்ததே தப்பு. நவம்பர் முதல் செவ்வாய், மெல்போர்ன் குதிரைப் பந்தயத்தன்றுதான் இந்த ஊரில் தக்காளி மண்ணில் இறங்கும். குளிர்காலம் முடிந்திருந்தாலும் அதற்கு முன்னால் எந்த ராத்திரியும் உறைபனி கொட்டலாம். நாலு நாள் வெயிலடித்ததும் அவசரப்பட்டு நட்டுவிட்டு முழிக்கிறவர்களை நாற்பத்தாறு வருஷம் வேலியோரம் நின்று கேலி பண்ணியவர் கிளாரி. அவர் பாத்தியில் ஒரே ஒரு செடிகூடப் பனியில் செத்ததில்லை. காசு பணம், பதவி ஒன்றும் கிடையாது. ஊரில் அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே பேர் அதுதான். இன்று வெள்ளி. பந்தயத்துக்கு இன்னும் நாலு நாள் கிடக்கிறது. ஊரார் நாற்றெல்லாம் ஜன்னலோரம் பத்திரமாக இருக்க, கிளாரியின் பாத்தியில் மட்டும் கருகின செடி!

ஜெனின் கையைப் பிடித்து இழுக்காத குறை. மீதி ஒன்பதும் அப்படியே நின்றன.

தேவாலயத்தில் பாதிரியார் பேசியது எதுவும் மேவிஸின் காதில் ஏறவில்லை. எதிரே இருந்த பெட்டியை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எல்லாம் உன்னால்தானே!

மூன்று வாரத்துக்கு முன்னால், கட்டிலில் படுத்தபடி சொன்னார். "மேவிஸ், நாத்த எடுத்து நட்டுடு."

"பந்தயம் இன்னும் வரவே இல்ல. ஜுரம் தலைக்கேறிடுச்சா உனக்கு?"

"நடுன்னா நடு."

ஏன் என்று அவளுக்குப் புரிந்தது. பந்தய நாள் வரை அவர் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புரிந்ததால்தான் அப்படி ஒரு கோபம் வந்தது. "வேணும்னா நீயே எழுந்து வந்து நட்டுக்கோ!" என்று கத்திவிட்டு, போய் நட்டாள். இல்லாத குரலை வைத்துக்கொண்டு, ஆழம் போதாது, நெருக்கி வைக்காதே என்று ஜன்னல் வழியாக அதட்டிக்கொண்டே இருந்தார். அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் பழைய போர்வைகளால் செடிகளை மூடுவதும், காலையில் எடுப்பதும் அவள் தலையில். சனியன் பிடித்த தக்காளி.

திங்கட்கிழமை சாயங்காலம் காற்று நின்று, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அவர் உதடு அசைந்தது. "போய் மூடு... பனி வரும்."

"செடி செத்தா சாவட்டும் போ. நான் எந்திரிக்கமாட்டேன்." திட்டிக்கொண்டேதான் கையைப் பிடித்திருந்தாள். அரை மணி நேரத்தில் போய்விட்டார். அப்புறம் போர்வை யாருக்கு ஞாபகம் இருக்கும்?

அடக்கம் முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். பெண்கள் டீக்கான ஸ்கோன் ரொட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே, நெவில் டீக் கோப்பையும் கையுமாகக் கொல்லைக்கு நடந்தார். கிளாரியின் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. இரண்டு தடவை அவசரப்பட்டு நட்டு, கிளாரியின் வாயில் விழுந்து எழுந்தவர். பின்னாலேயே இன்னும் நாலு பேர். மேவிஸ் டீக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பாத்தியைப் பார்த்து ஐந்து பேரும் நின்றுவிட்டார்கள். கல்லறையில்கூட அவர்கள் இவ்வளவு அமைதியாக நிற்கவில்லை.

நெவில் திரும்பினார். கேலி பண்ணினால்கூட மேவிஸ் பதிலுக்கு நாலு விட்டிருப்பாள். அவர் முகத்தில் இருந்தது பரிதாபம். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"பாவம், கடைசி நேரத்துல புத்தி கொஞ்சம் தடுமாறிடுச்சு போல. நாள் கூடத் தெரியல இல்ல?"

"அவருக்கு ஒண்ணும் தடுமாறல," என்றாள் வெடுக்கென்று. "நட்டது நான்."

"நீயா?"

"நான்தான். நல்லா வெயிலடிச்சுது, நட்டேன். வேணாம் வேணாம்னு படுக்கையிலேருந்து தொண்டை கிழியக் கத்தினாரு. நான் கேக்கல."

பின்னால் வந்த ஜெனின் வாயைத் திறந்தாள். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

நெவிலுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. "அதானே! கிளாரியாவது, பந்தயத்துக்கு முன்னாடி நடுறதாவது! என்னடா இதுன்னு ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன்." மற்றவர்களும் சிரித்தார்கள். கிளாரி தன்னைக் கேலி பண்ணின கதையை ஒருத்தர் ஆரம்பிக்க, இன்னொருத்தர் தன் கதையை எடுத்தார். நெவில் மட்டும் அவளை விடுவதாக இல்லை. "நாப்பத்தாறு வருஷம் அவன்கூட குப்பை கொட்டியிருக்க. கடைசியா ஒரு தடவை அவன் பேச்சக் கேட்டிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும், மேவிஸ்?"

மேவிஸ் அவர் கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

"கேட்டிருக்கலாம்தான்," என்றாள். டீயை நிதானமாக விளிம்பு வரை ஊற்றி, கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள்.