துரைராசுவின் மூன்று தொகுதிகள்

நாகரிகங்கள் அழியும்; எழுதி வைத்தது அழியாது. நன்னிலத்தை அடுத்த ஒரு கிராமத்தின் பாசனதாரர் சங்கத் தலைவர் துரைராசு, தம் நூல் அரங்கேற்ற அழைப்பிதழில் இப்படித்தான் அச்சிட்டிருந்தார். அழைப்பிதழ் வந்த மறுநாள் சங்கத்துக் கம்ப்யூட்டர் திறக்கவில்லை.

நூலின் பெயர் 'காவிரிப் பாசன வரலாறு'. மூன்று தொகுதிகள். ஐந்து வருடமாக எழுதுகிறார். அதற்கென்று சங்கம் ஏசி போட்ட அறை ஒன்றை ஒதுக்கியிருந்தது. வாய்க்கால் தூர்வாருவது பற்றி யார் கேட்டாலும், "ரெண்டாம் தொகுதியில இருக்கேன்" என்பார். கேட்டவர் மண்வெட்டியோடு திரும்பிவிடுவார். வரும் ஞாயிறு, முன்னாள் துணைவேந்தர் ஒருவர் முன்னிலையில் முதல் தொகுதியை வாசிப்பதாக ஏற்பாடு. எழுதியதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான்; வேறு நகல் கிடையாது.

புதன்கிழமை துரைராசுவும் சங்கச் செயலாளர் வீரையனும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நன்னிலத்தில் அஃப்ரீனின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். அவள் உள்ளே எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றித் தன் கருவியில் மாட்டிப் பார்த்தாள்.

"எழுதி எழுதியே தேஞ்சிருக்குங்க. இதுக்குள்ள கோடிக்கணக்குல சின்னச் சின்ன அறைங்க. ஒவ்வொண்ணையும் இத்தனை தடவைதான் அழிச்சு எழுத முடியும். அதுக்கு மேல போனா, வெச்சது ஒண்ணு, படிக்கிறப்ப வர்றது ஒண்ணு."

"ஒரே இடத்துல எழுதினா சீக்கிரம் தேஞ்சுடாதா?" என்றார் வீரையன்.

"அதுக்குத்தான் உள்ள ஒரு சிப்பு இருக்கு. வயலுக்கு வயல் மொறத்தண்ணி விடுற மாதிரி எல்லா அறைக்கும் சமமாப் பிரிச்சு எழுதும்."

"அப்ப நம்ம சங்கத்தவிட ஒழுங்கா நடந்திருக்கு."

துரைராசு இதைக் காதில் வாங்கவில்லை. துணைவேந்தருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். "ஆமாங்கய்யா. நான் எழுதின வேகத்துக்கு மெஷின் தாங்கலை. தேஞ்சுபோச்சு!"

போனை வைத்ததும் அஃப்ரீன் சொன்னாள்: "நீங்க எழுதினதால இல்லீங்க. களத்துல காயுற நெல்லுக்குக் காவலா கேமரா வெச்சீங்கல்ல, அந்த வீடியோதான் அஞ்சு வருஷமா ராப்பகலா இதுல பதிஞ்சிருக்கு."

துணைவேந்தருக்கு அவர் மறுபடி போன் போடவில்லை. குரலைத் தணித்து, "சிரமப்படாதம்மா. மீட்க முடியாதுன்னு ஒரு லெட்டர் குடுத்துடு, போதும். மேடையில அறிவிச்சுடறேன்" என்றார்.

"முடியும்னு தோணுதுங்க."

"எதுக்கும்மா உனக்கு வீண் வேலை?"

"நீ விடாதம்மா," என்றார் வீரையன். "அஞ்சு வருஷத் தூரு அதுக்குள்ளதான் கெடக்கு."

அஃப்ரீன் விடவில்லை. அதில் புதிதாக ஒன்றும் பதியாதபடி பூட்டிவிட்டு, தப்பாக வந்த இடங்களைத் தன் கருவியைக் கொண்டு திரும்பத் திரும்பப் படிக்க வைத்தாள். ஒரு தடவை வராதது ஒன்பதாவது தடவை வந்தது. வரவே வராததை ஒதுக்கிவிட்டு மேலே போனாள். இதற்கிடையில் துரைராசு நாலு தடவை போன் செய்து, முடியவில்லைதானே என்று நயமாக விசாரித்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் வீரையன் சங்கத்து ஆட்கள் ஆறு பேரோடு கடைக்கு வந்தார். துரைராசுவுக்குத் தலைவலி என்றார்கள். ஆனாலும் கூட்டி வந்திருந்தார்கள். கேமரா வீடியோக்களில் பாதி போய்விட்டது என்று அஃப்ரீன் வருத்தத்தோடு சொன்னாள். பிறகு எல்லோரும் பார்க்கும்படி திரையைத் திருப்பி வைத்தாள்.

மூன்று தொகுதிகளும் ஓர் எழுத்துகூடச் சேதமில்லாமல் கிடைத்திருந்தன. முதல் தொகுதியில் துரைராசுவின் படமும் முன்னுரையில் நாலு வரியும் இருந்தன. மற்ற இரண்டிலும் தலைப்பு மட்டும் இருந்தது.