கதவு எண் கேட்டால் வரும் வீடுகள்

சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் இடித்துத் தள்ளிய வீடுகள், யாராவது செல்போனில் கேட்கும்போது மட்டும் திரும்பி வந்து நிற்க ஆரம்பித்தது ஓர் ஐப்பசி மாதத்தில். ரத்னா அதை எதிர்பார்த்துச் செய்யவில்லை. பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வலைத்தளங்களுக்கு நிரல் எழுதுகிறவள் அவள். அப்பா தணிகாசலம் போய்ச் சேர்ந்த பிறகு அங்கேயே வாடகை அறையில் தனியாக இருந்தாள். வீடுகளை இடித்தபின் ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளில் சிதறிப்போன தன் ஆற்றங்கரைத் தெருக்காரர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்ளட்டும் என்று ஒரு வலைத்தளம் தொடங்கினாள். முதலில் வீட்டுக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாக எழுதினாள். ஓர் எழுத்தை மாற்ற எல்லாப் பக்கங்களையும் திறக்க வேண்டியிருந்தது. அலுத்துப்போய் மொத்தத்தையும் அழித்தாள். பக்கத்தின் தலைக்கு ஒரு கோப்பு, காலுக்கு ஒரு கோப்பு, தரவுத்தளத்தோடு பேச ஒரு கோப்பு என்று பிரித்துவைத்து, அவற்றைக் கூப்பிட்டுக்கொள்ளும் ஒரே ஒரு நிரலை எழுதினாள். கதவு எண்ணைக் கொடுத்தால் அந்த வீட்டுக்காரர்களின் விவரத்தை எடுத்து, அந்த நேரத்தில் பக்கத்தைக் கட்டித் தரும். கேட்காதபோது அப்படியொரு பக்கமே எங்கும் கிடையாது.

பக்கத்தோடு ஆற்றங்கரையில் வீடும் எழும்பியது. பக்கத்தை மூடினால் மறைந்தது. வாசலில் நின்று தானே திறந்தால் வராது, வேறெங்கோ இருக்கிற ஒருவர் திறந்து வைத்திருக்க வேண்டும். ஜனங்கள் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். அதிகாரிகள் ஒருமுறை புல்டோசரோடு வந்து, இடித்த வீட்டை மறுபடி இடிக்க எந்த விதியில் உத்தரவு போடுவதென்று தெரியாமல் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

"கண்ணு, நம்ம வூட்ட தொறந்து வையி, பஸ்ல வந்துக்கினு கீறேன்" என்று கூப்பிடுவாள், அந்தத் தெருவில் இட்லி விற்ற தாயம்மா. ஞாயிற்றுக்கிழமைகளில் ரத்னா அறையில் உட்கார்ந்து எல்லாருக்கும் வீடு திறந்து வைத்திருந்தாள். அவள் வீட்டைத் திறக்க யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு வருடம் அப்படியே போனது.

ஒரு தை மாதத்துச் சாயங்காலம் தன் வீட்டைத் திறந்து வைக்கச் சொல்லி அவளே தாயம்மாவிடம் கேட்டாள்.

"அங்க ஒனக்கு யாரு கீறா?"

"யாரும் இல்லக்கா. சும்மா போய் ஒக்காரணும்."

"இத்த கேக்க இம்மா நாளா? போ, தொறக்குறேன்."

வீடு வந்து நின்றது. சுவர், ஜன்னல், நிலைப்படி எல்லாம் சரி. ஆனால் தரவுத்தள அட்டவணையில் ஏற்றிய அளவுக்குத்தான் வீடு. அப்பாவின் பெயரையும் மேஸ்திரி வேலையையும் ஏற்றியிருந்தாள். கொத்துக்கரண்டி மூலையில் இருந்தது. அவருடைய இருமலுக்கு அவள் கட்டம் போட்டிருக்கவில்லை. வெறுந்தரையில் படுத்து அழுதாள், அப்படியே தூங்கிப்போனாள்.

விடிந்தபோதும் கூரை தலைக்கு மேல் இருந்தது. போன் போட்டாள்.

"மூடுனா நீ எங்கடி போவ?" என்றாள் தாயம்மா. பழைய போன் ஒன்றில் அந்தப் பக்கத்தைத் திறந்து, சார்ஜில் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாளாம்.

மாசியில் ரத்னா வாடகை அறையைக் காலி செய்தாள். இப்போது ஆற்றங்கரைக்குப் பால் பாக்கெட் வருகிறது. தாயம்மாவின் பிளாக்கில் கரண்ட் போய் அந்தப் போன் அணைந்தால் வீடும் போய்விடும். ரத்னா பாதி வெந்த சோற்றுப் பானையைத் துப்பட்டாவால் பிடித்தபடி வெட்டவெளியில் நிற்பாள். பாலத்தில் பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, தாயம்மா பிளாக்கில் இன்னும் கரண்ட் வரவில்லை போலிருக்கிறது என்று சொல்லிக்கொள்வார்கள்.