முதல் கேள்வி

பிறம்ரன் நகரக் கிடங்கில் ரயர் இறக்கும் வேலை முடிந்ததும் நீக்கிலாஸ் உடுப்புக்கூட மாற்றவில்லை. வேலைச் சப்பாத்தோடேயே காரை மோர்னிங்சைட் மண்டபத்துக்கு விட்டான். அடுத்த கிழமை என்று சொல்லியிருந்த ஊர்ச்சங்கக் கூட்டத்தைத் திடீரென்று இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இழுத்திருந்தார்கள். ஞாயிறும் வேலைக்கு ஓடுகிற சனம் தலைவர் றெமிஜியஸின் பக்கம் என்பது செயலாளர் யூட்சனுக்குத் தெரியாததல்ல.

சங்கத்தைத் தீவுப்பகுதி ஊர்ச்சங்கங்களின் ஒன்றியத்திலிருந்து வெட்டிக்கொண்டு போக யூட்சனின் ஆட்கள் நின்றார்கள். ஒன்றியத்தைத் தொடக்கியவர்களில் றெமிஜியஸும் ஒருவன். அவன் தலைவராக இருக்கும்வரை அது நடவாது. அதனால்தான் நம்பிக்கையில்லாப் பிரேரணை. மனைவி அன்ரனெற் செத்த பிறகு அவனைக் காலையில் படுக்கையை விட்டு எழுப்பியது அந்தச் சங்கம் ஒன்றுதான்.

வழியில் றெமிஜியஸ் போன் எடுத்தான்.

"மச்சான், எங்க நிக்கிறாய்?"

"ஹைவேயில நசிபடுறன்டா."

"கெதியா வா. முதல், என்னில நம்பிக்கை இருக்கிறவையை எழும்பச் சொல்லுவினம். முதல் கேள்விக்கு எழும்பு. ரண்டாவதுக்குக் குந்தியிரு. வேற ஒண்டும் யோசிக்காத."

"எனக்குப் படிப்பிக்கிறியே? உன்ர கலியாணத்துக்கு மோதிரம் வச்சிருந்தவன் நான்."

"பிழையான பொக்கற்றில வச்சிட்டுத் தேடினனி. வாடா."

கனடாவுக்கு வந்த புதிதில் இருவருக்கும் ஒரே பேஸ்மென்ற், ஒரே கோழி வெட்டும் பக்ரறி. ஒருவனின் கையுறை கிழிந்தால் மற்றவன் தன்னுடையதில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்த காலம் அது.

நீக்கிலாஸ் மண்டபத்துக்குள் நுழைந்து கடைசிக் கதிரையில் விழுந்தான். காதுக்குள் கிடங்கின் இரைச்சல் இன்னும் ஓயவில்லை. யூட்சன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு செந்தமிழில் வாசித்தான்.

"நிர்வாகத்தின் மீது நம்பிக்கையில்லை எனும் பிரேரணையை ஆதரிப்போர் எழுந்து நிற்கவும்."

நீக்கிலாஸுக்குக் கேட்டது 'ஆதரிப்போர்' மட்டுந்தான். இதுதான் முதல் கேள்வி. ரயர் தூக்கிய நாரி நோவோடு எழும்பி, நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

பிறகுதான் பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்தான். அத்தனை பேரும் யூட்சனின் ஆட்கள். மேடையிலிருந்து றெமிஜியஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்ரனெற்றின் சவப்பெட்டியை மூடும்போது பார்த்த அதே முகம்.

நீக்கிலாஸ் டப்பென்று கதிரையில் இருந்தான். அதற்குள் எண்ணி முடித்துவிட்டார்கள். எதிர்த்தவர்களையும் எண்ணியபோது ஒரே ஒரு ஆளால் றெமிஜியஸ் தோற்றான்.

"தம்பி, நான் பிழையா எழும்பிப்போட்டன். நான் அவன்ர பக்கம்."

"எண்ணினது எண்ணினதுதான் அண்ணை," என்றான் யூட்சன். "பாராளுமன்றத்திலயும் போட்ட வாக்கைத் திருப்பி எடுக்கேலாது."

"யூட்சனிட்டப் பதவியும் வேணும், றெமிஜியஸிட்டச் சிநேகிதமும் வேணுமாக்கும்," என்று முன்வரிசையில் யாரோ சொல்ல, சிரித்தார்கள்.

தேத்தண்ணி வருமுன் ஒன்றியத்தை விட்டு விலகும் தீர்மானமும் நிறைவேறியது. எதிர்க்க வந்தவர்களுக்கு எழும்ப மனம் வரவில்லை.

கார் விடும் இடத்தில் நீக்கிலாஸ் றெமிஜியஸை மறித்தான்.

"நீதானடா முதல் கேள்விக்கு எழும்பச் சொன்னனி. உவன் கேள்வியை மாத்திப்போட்டான். எனக்கு விளங்கேல்லை மச்சான்."

றெமிஜியஸ் ஜக்கெற்றின் சிப்பை இழுத்தான். "பரவாயில்லை."

"அன்ரனெற்றின்ர ஆணையா..."

"அவவை உதுக்குள்ள இழுக்க வேண்டாம்."

"நம்புறியோ இல்லையோ? அதைச் சொல்லு."

"நம்புறன்." குரலில் கோபம் இல்லை. "நீங்கள் வெளிக்கிடுங்கோ. விடிய வேலையெல்லோ."

நீங்கள். கோழி இரத்தத்துக்குள் வழுக்கி விழுந்து ஆளையாள் தூக்கிவிட்ட நாளிலிருந்து அந்த வாயில் அவனுக்கு வராத சொல். தூஷணத்தால் ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பான். அடித்திருந்தால் வாங்கியிருப்பான்.

ஓமடா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். 'டா' வரவில்லை.

"ஓம்," என்றான்.